ஒளி மிச்சம் வைத்த வெள்ளி

கறுப்பு வெள்ளை நெகட்டிவ் ஒன்றை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். தலைமுடி நரைத்திருக்கும், பல் கறுத்திருக்கும், வெள்ளை வேட்டி கரிக்கட்டையாக இருக்கும். பழகிய கண் அதற்குள்ளும் ஆளை அடையாளம் கண்டுகொள்ளும் என்றாலும், அதைச் சட்டம் போட்டு யாரும் சுவரில் மாட்டுவதில்லை. கறுப்பு வெள்ளை சிலைடை அதே ஜன்னலில் தூக்கிப் பிடித்தால் முகம் முகமாகவும் வேட்டி வேட்டியாகவும் இருக்கின்றன. அகலம் 36 மில்லிமீட்டர், உயரம் 24 மில்லிமீட்டர். கேமராவுக்குள், அந்த மனிதருக்கு எதிரே, நொடியில் நூற்றில் ஒரு பங்கு நேரம் திறந்து கிடந்த அதே ஃபிலிம் துண்டு அது. அவர் மேல் பட்டுத் திரும்பிய வெளிச்சம் நேராக இதன் மேல் விழுந்தது. நடுவில் அச்சுக் காகிதமோ வேறு ஃபிலிமோ வரவில்லை. இருபது வருடமாக இந்த ஃபிலிமை வாங்கி, கழுவி, சுவரில் பாய்ச்சிப் பார்த்துவருகிறேன். இன்னமும் ஒவ்வொரு ரோலைக் காயப்போடும்போதும் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றுவிடுகிறேன்.

யோசித்தால் இது நடக்கவே கூடாத காரியம். வெள்ளி உப்பின் மேல் வெளிச்சம் பட்டால், டெவலப்பரில் போட்டதும் பட்ட இடம் கறுக்கும். படாத இடம் அப்படியே இருக்கும். ஃபோட்டோ எடுப்பது என்பதே இந்த ஒரு விதியின் மேல் நிற்கிற தொழில். அந்தக் கணக்குப்படி வெயிலில் பளிச்சிட்ட வேட்டி ஃபிலிமில் கறுத்தே தீரவேண்டும். அதை மறுபடி வெளுக்கவைத்த வித்தை எங்கே பிறந்தது என்று தேடிப்போனால், ஒரே ஆளுக்கு ஒரே நாளில் உதித்த யோசனையாக அது இல்லை. கண்ணாடித் தகடு, உருளைக்கிழங்கு மாவு, வீட்டுச் செலவுக் கணக்கு என்று எங்கெங்கோ சுற்றிக்கொண்டு வந்து சேர்கிறது.

சிலைடு முதலில் வந்தது, சிலைடு ஃபிலிம் வெகுகாலம் கழித்துத்தான் வந்தது. 1850ல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரில் வில்லியம் லாங்கன்ஹைம், ஃபிரெடரிக் லாங்கன்ஹைம் என்ற சகோதரர்கள், முட்டையின் வெள்ளைக்கரு பூசிய கண்ணாடியில் ஃபோட்டோவைப் பதித்து, மேஜிக் லாண்டர்ன் விளக்கின் முன் வைத்துத் திரையில் பெரிதாகக் காட்டும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார்கள். அதற்கு முன் இருநூறு வருடம்போல அந்த விளக்கில் பெரும்பாலும் கையால் தீட்டிய படங்கள்தான் ஓடிக்கொண்டிருந்தன. ஃபோட்டோ வந்ததும் விளக்கு வகுப்பறைக்குள் புகுந்தது. பெர்லினில் கலை வரலாறு நடத்திய ஹைன்ரிச் வொல்ஃப்லின் இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் பாய்ச்சி ஒப்பிட்டுப் பாடம் நடத்தினார். நம்மூர் சினிமாக் கொட்டகைகளில் இடைவேளையின்போது ஜவுளிக்கடைக்கும் நகைக்கடைக்கும் ‘சிலைடு போட்டார்களே’, அந்தக் கண்ணாடிகளும் இந்த விளக்கின் வாரிசுகள்தான்.

அந்த ஃபோட்டோக் கண்ணாடிகள் பிரதிகள். முதலில் ஒரு நெகட்டிவ் எடுப்பார்கள். அதை இன்னொரு கண்ணாடியோடு ஒட்டவைத்து வெளிச்சம் காட்டி, இரண்டாவது கண்ணாடியில் பாசிட்டிவ் எடுப்பார்கள். ஒரு நெகட்டிவிலிருந்து நூறு கண்ணாடி எடுத்து நூறு பள்ளிக்கூடத்துக்கு விற்கலாம் என்பதால், அந்தத் தொழிலில் இருந்த யாருக்கும் எடுத்த நெகட்டிவையே பாசிட்டிவாக மாற்றவேண்டிய தேவை பெரிதாக எழவில்லை.

தேவை வேறொரு பக்கத்திலிருந்து வந்தது. பிரான்சின் லியோன் நகரத்து லூமியேர் சகோதரர்கள் 1903ல் காப்புரிமை பெற்று 1907ல் கடைக்குக் கொண்டுவந்த ‘ஆட்டோகுரோம்’ தகடு, வெற்றிகரமாக விற்பனையான முதல் வண்ண ஃபோட்டோ முறை. அதன் உள்ளே இருப்பது கறுப்பு வெள்ளை. உருளைக்கிழங்கு மாவைச் சலித்து, மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கு அளவுள்ள மணிகளாகப் பிரித்து, மூன்று பாகமாக்கி, ஆரஞ்சு, பச்சை, ஊதா என்று சாயம் ஏற்றி, கலந்து, கண்ணாடியில் ஒரே அடுக்காகப் பரப்பினார்கள். இடுக்குகளில் கரித்தூள். அதன் மேல் வெள்ளி உப்பு கலந்த கறுப்பு வெள்ளைப் பூச்சு, அதாவது எமல்ஷன். கேமராவில் வெளிச்சம் முதலில் மாவு மணி வழியாகப் போய்ப் பிறகு எமல்ஷனைத் தொடும். சிவப்பு ரோஜா ஒன்றைப் படமெடுத்தால், அதன் வெளிச்சம் ஆரஞ்சு மணி வழியாக நுழைந்து, அதன் பின்னால் இருக்கிற வெள்ளியைக் கறுக்கவைக்கும். அப்படியே விட்டால் ஆரஞ்சு மணி அடைபட்டுப்போய், பச்சையும் ஊதாவும்தான் கண்ணுக்குத் தெரியும். ரோஜா இருந்த இடத்தில் ரோஜாவுக்கு நேர் எதிரான நிறம் நிற்கும். ஆகவே கறுத்த வெள்ளியைக் கரைத்து வெளியேற்றவேண்டும், வெளிச்சம் படாமல் மிச்சமிருக்கிற வெள்ளி உப்பைக் கறுக்கவைக்கவேண்டும். லூமியேர் சகோதரர்கள் அமிலம் சேர்த்த பொட்டாசியம் பெர்மாங்கனேட்டில் தகட்டை முக்கி அதைச் செய்தார்கள். கிணற்றுத் தண்ணீரைச் சுத்தம் செய்ய நம் வீடுகளில் போடுவார்களே, கத்தரிப்பூ நிறத்துத் தூள், அதேதான்.

நூறு வருடத்துக்கு முந்தைய ஆட்டோகுரோம் தோட்டக் காட்சியை அச்சில் பார்த்து நிறத்தில் மயங்கியவர்கள் ஒரு நிமிடம் அந்த மாவை மனத்தால் துடைத்துவிட்டுப் பார்க்கலாம். பின்னால் மிக நேர்த்தியான ஒரு கறுப்பு வெள்ளை சிலைடு நிற்கும். அதற்குத் தனியாக ஒரு பெயர்கூட யாரும் வைக்கவில்லை.

கறுப்பு வெள்ளை சிலைடு ஃபிலிம் தன் சொந்தக் காலில் நின்றது அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில். அங்கே ஜார்ஜ் ஈஸ்ட்மன் நடத்திய கோடக் நிறுவனம் 1912ல் ஓர் ஆராய்ச்சிக்கூடம் தொடங்க விரும்பி, இங்கிலாந்தில் ராட்டன் அண்ட் வெயின்ரைட் என்ற சிறு நிறுவனத்தில் இருந்த கென்னத் மீஸ் என்ற வேதியியல் அறிஞரைக் கூப்பிட்டது. தான் இருக்கும் நிறுவனத்தையும் சேர்த்து வாங்கிக்கொண்டால் வருகிறேன் என்றார் மீஸ். ஈஸ்ட்மன் வாங்கிவிட்டார். அந்த ஏற்பாட்டில் மீஸோடு கடல் கடந்து வந்தவர்களில் ஒருவர் ஜான் கேப்ஸ்டாஃப். புகழ் பட்டியல்களில் அவர் பெயர் அதிகம் தென்படுவதில்லை. என்னைக் கேட்டால் இந்தக் கதையின் நாயகர் அவர்தான்.

கேப்ஸ்டாஃப் 1915லேயே இரண்டு வண்ணத்தில் படமெடுக்கும் ஒரு முறையை உருவாக்கியிருந்தார். அதிலும் இதே மாதிரி ஒரு திருப்பம் உண்டு: வெளிச்சம் பட்டுக் கறுத்த இடத்தில் ஜெலட்டின் இறுகிவிடும், சாயம் உள்ளே போகாது, வெளிச்சம் படாத இடம்தான் சாயத்தைக் குடிக்கும். விட்டுப்போன இடத்தைக் கொண்டு படம் வரைகிற பழக்கம் அவர் கைக்கு அப்போதே வந்துவிட்டது என்று நான் நினைத்துக்கொள்வேன்.

கோடக்கின் முன் அப்போது இருந்த கேள்வி, சாதாரண வீட்டுக்காரர் தன் பிள்ளைகளைச் சினிமா எடுத்துத் தன் வீட்டுச் சுவரிலேயே பார்க்கமுடியுமா என்பது. தடை ஃபிலிமின் விலை. சினிமாக்காரர்களின் 35 மில்லிமீட்டர் முறையில் எடுக்க ஒரு ஃபிலிம், காட்டுவதற்கு அச்சடிக்க இன்னொரு ஃபிலிம், இடையில் அச்சுக் கூலி. சினிமாக் கம்பெனிக்கு அது செலவே இல்லை, ஐம்பது ஊரில் ஓட்ட ஐம்பது பிரதி வேண்டும். குழந்தை தவழ்வதைப் படமெடுக்கிற அப்பாவுக்கு எதற்கு ஐம்பது பிரதி? ஒன்று போதும். எடுத்ததையே திருப்பிப்போட்டுக் கொடுத்துவிட்டால் ஃபிலிம் செலவு பாதியாகும். இந்தப் பாதிக்கு ஆசைப்பட்டுத்தான் கேப்ஸ்டாஃப் பாசிட்டிவ் முறையில் இறங்கினார்.

இறங்கியபோது எதிர்பாராத ஒன்று கையில் கிடைத்தது. ஃபிலிமில் இருக்கும் வெள்ளி உப்புத் துகள்கள் எல்லாம் ஒரே அளவு இல்லை. கோதுமை ரவையும் மைதாவும் கலந்த மாதிரி. பெரிய துகள்தான் வெளிச்சத்துக்குச் சட்டென்று மசியும். ஆகவே முதல் டெவலப்பரில் கறுப்பது பெரும்பாலும் பெரிய துகள்கள். கறுத்த வெள்ளியைக் கரைக்கிற பிளீச்சில் வெளியே போவதும் அவைதான். கடைசியில் படமாக நிற்பது மசியாமல் மிச்சமிருந்த பொடித் துகள்கள். நெகட்டிவிலிருந்து அச்சடித்த படத்தைத் திரையில் பெரிதாக்கினால் மணல் வாரி இறைத்தாற்போல் தெரிகிற கிரெய்ன் இதில் வெகுவாக அடங்கியிருந்தது. அப்படியென்றால் படத்தை இன்னும் சிறியதாக எடுக்கலாம், திரையில் தாங்கும்.

படத்தின் அகலத்தை 10 மில்லிமீட்டராகக் குறைத்தார்கள். துளைகளுக்கு இரண்டு பக்கமும் மூன்று மூன்று மில்லிமீட்டர். கூட்டினால் 16. உலகம் முழுக்க அரை நூற்றாண்டுக்கும் மேல் ஓடிய 16 மில்லிமீட்டர் ஃபிலிமின் அகலம் இப்படித்தான் முடிவானது. அதில் இன்னொரு பாதுகாப்பும் இருந்தது. சினிமாக்காரர்களின் ஃபிலிம் அன்று எளிதில் தீப்பற்றும் நைட்ரேட். அதை நடுவில் கிழித்தால் 17.5 கிடைக்குமே தவிர 16 கிடைக்காது. யாரும் மலிவுக்கு ஆசைப்பட்டு அந்த நெருப்பை வீட்டு புரொஜெக்டருக்குள் நுழைக்க வழியில்லை. 16க்கு என்று தனியாக, தீப்பற்றாத அசிட்டேட் ஃபிலிமையே போட்டார்கள்.

1923ல் கேமராவும் புரொஜெக்டரும் கடைக்கு வந்தன. கேமரா, முக்காலி, புரொஜெக்டர், திரை எல்லாம் சேர்ந்து 335 டாலர், அந்தக் காலத்தில் பெரும் பணம். ஆனால் ஓடுகிற செலவு 35 மில்லிமீட்டரில் ஆறில் ஒரு பங்காகக் குறைந்திருந்தது. ஃபிலிம் விலையிலேயே கழுவும் கூலியும் அடக்கம். எடுத்து முடித்ததும் தபாலில் அனுப்பினால், ஓட்டிப்பார்க்கத் தயாராகத் திரும்பிவரும்.

இங்கே எனக்கு மிகவும் பிடித்த ஒரு நுணுக்கம் இருக்கிறது. வீட்டுக்காரர்கள் வெளிச்சத்தைத் தப்பாகக் கணிப்பார்கள் என்பது அந்த ஆராய்ச்சிக்கூடத்துக்குத் தெரியும். பிளீச்சுக்குப் பிறகு மிச்ச வெள்ளி உப்பை வெளிச்சம் காட்டித்தான் கறுக்கவைக்கவேண்டும் இல்லையா, அந்த இரண்டாவது வெளிச்சத்தை அவர்கள் அளந்து காட்டினார்கள். எடுத்தவர் வெளிச்சத்தைக் குறைத்து வாங்கியிருந்தால் மிச்ச உப்பு நிறைய இருக்கும், அதற்குக் கொஞ்சமாகக் காட்டினால் படம் அட்டைக் கறுப்பாகாது. கூட்டி வாங்கியிருந்தால் மிச்சம் குறைவு, அதற்கு முழுதாகக் காட்டுவது. யாரோ ஒரு தகப்பனார் பதற்றத்தில் செய்த பிழையை, முகம் தெரியாத ஒருவர் இருட்டறையில் சரிசெய்து அனுப்பியிருக்கிறார். தொழில் என்றால் இதைத்தான் சொல்வேன்.

அடுத்த அறுபது வருடக் கதையை வேகமாகச் சொல்லிவிடலாம். 1935ல் கோடக்கின் வண்ண ஃபிலிமான கோடகுரோம் முதலில் 16 மில்லிமீட்டர் சினிமாவுக்கும், மறு வருடம் 35 மில்லிமீட்டர் கேமராவுக்கும் வந்தது. அதுவும் உள்ளே மூன்று கறுப்பு வெள்ளை அடுக்குதான், அதே திருப்பிப்போடும் முறைதான். நிறம் வந்த பிறகு சிலைடு என்றாலே வண்ணம் என்று ஆகிவிட்டது. கறுப்பு வெள்ளை பாசிட்டிவ், அவசரம் இருந்த இடங்களில் பிழைத்தது. 1950களில் தொலைக்காட்சிச் செய்திக்காரர்களுக்கு அது கையில் கிடைத்த வரம்: மத்தியானம் எடுத்த ஃபிலிமை நிலையத்திலேயே கழுவி, அச்சடிக்காமல், வெட்டி ஒட்டி, சாயங்காலச் செய்தியில் ஓட்டிவிடலாம். 1983ல் போலராய்டு நிறுவனம் 35 மில்லிமீட்டர் கேமராவில் போடக்கூடிய ‘போலபான்’ என்ற கறுப்பு வெள்ளை ரோலை விற்றது. ரோலோடு ஒரு சின்ன ரசாயனப் பொட்டலம் வரும். இரண்டையும் ஒரு கைப்பெட்டிக்குள் போட்டு விசையைச் சுற்றினால் சில நிமிடத்தில் சிலைடுகள் தயார். அதன் வேதியியல் வேறு. வெளிச்சம் படாத வெள்ளி உப்பு கரைந்து, நகர்ந்து, பக்கத்து அடுக்கில் போய் உட்கார்ந்து படமாகும். வழி வேறானாலும் அங்கேயும் படம் வரைந்தது ஒளி தொடாத வெள்ளிதான்.

ஜெர்மனியில் சிலைடை ‘டியா’ என்பார்கள். அக்ஃபா நிறுவனம் ‘டியா-டைரக்ட்’ என்று மிக மெதுவான ஒரு கறுப்பு வெள்ளை சிலைடு ஃபிலிமை வெகுகாலம் விற்றுவந்தது. 1990களின் தொடக்கத்தில் அதன் இடத்துக்கு ‘ஸ்காலா 200’ வந்தது. இந்த ஃபிலிமைச் சிலர் இன்றைக்கும் காதலியின் பெயரைச் சொல்வதுபோலச் சொல்வார்கள், அதில் தப்பில்லை. கரி, ஈயம், சாம்பல், பனி என்று அதில் வந்த படிகள் அத்தனை. ஆனால் அதைக் கழுவ அனுமதி பெற்ற லேபுகளுக்குத்தான் அனுப்பவேண்டியிருந்தது. 2005ல் அக்ஃபாவின் ஃபிலிம் தொழில் திவாலானபோது ஃபிலிமும் போனது, லேபும் ஒவ்வொன்றாய்ப் போனது.

இன்று எதை வாங்குவது என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். நான் முதலில் சொல்வது, ஃபிலிமின் அடித்தளத்தைப் பார் என்பது. 35 மில்லிமீட்டர் நெகட்டிவ் ஃபிலிம்களில் பெரும்பாலானவற்றின் அடித்தளம் லேசான சாம்பல் நிறம். வெளிச்சம் ரோலின் நுனி வழியாகக் குழாய்த் தண்ணீர்போல உள்ளே ஓடிவிடாமல் தடுக்க அப்படிச் செய்கிறார்கள். நெகட்டிவுக்கு அது குறையே இல்லை, அச்சடிக்கும்போது சரிக்கட்டிவிடலாம். சிலைடில் அந்தச் சாம்பல் எல்லா வெள்ளையின் மேலும் உட்காரும். பனி அழுக்காகும், பல் அழுக்காகும். இருந்தாலும் நல்ல ஃபிலிமாக இருந்தால் படம் வரும். இல்ஃபோர்டு நிறுவனம் தன் சாதாரண நெகட்டிவ் ஃபிலிம்களைப் பாசிட்டிவாக்கும் முறையை எழுதி வெளியிட்டிருக்கிறது. கோடக் டி-மேக்ஸ் 100க்கென்றே ஒரு ரசாயனப் பெட்டியும் முன்பு விற்றார்கள்.

தெளிந்த அடித்தளம் வேண்டுமென்றால் செக் நாட்டின் ஹ்ராடெட்ஸ் கிராலோவே நகரில் ஃபோமா நிறுவனம் தயாரிக்கிற ‘ஃபோமாபான் ஆர் 100’ இருக்கிறது. என் கை பழகியது இதில்தான். பிறப்பிலேயே சிலைடுக்கென்று செய்யப்பட்ட ஃபிலிம். எமல்ஷனுக்கும் அடித்தளத்துக்கும் நடுவே நுண்ணிய வெள்ளியால் ஒரு கறுப்பு அடுக்கு வைத்திருக்கிறார்கள், வெளிச்சம் பின்னால் மோதித் திரும்பி ஒளிவட்டம் போடாமல் தடுக்க. பிளீச்சில் அது கரைந்து போய்விடும். நெகட்டிவாகக் கழுவினால் அந்த அடுக்கு போகாது, ஃபிலிம் முழுக்கக் கறுப்பாக நிற்கும். தெரியாமல் சாதாரண லேபில் கொடுத்துவிட்டு ஃபிலிம் கெட்டுப்போனது என்று வருந்தியவர்கள் உண்டு. ஜெர்மனியைச் சேர்ந்த ஆடாக்ஸ் நிறுவனம், ஸ்காலா என்ற பெயரை மீண்டும் எடுத்து 160, 50 என்ற வேகங்களில் விற்றது. எந்தத் தெளிந்த ஃபிலிமாக இருந்தாலும் நிழலில் நின்று கேமராவில் போடுங்கள், முடிந்தால் வீட்டுக்குள்ளேயே. வெயிலில் போட்டால் முதல் ஐந்தாறு படங்களின் ஓரம் புகைந்துவிடும்.

அடுத்தது வெளிச்சக் கணக்கு. நெகட்டிவில் ஒரு ஸ்டாப், அதாவது இரண்டு மடங்கு வெளிச்சம், கூட்டி எடுத்தாலும் அச்சில் மீட்டுவிடலாம். இங்கே அரை ஸ்டாப்பே தெரியும், ஒரு ஸ்டாப் காயமாகிவிடும். நெகட்டிவ் பழக்கத்தில் இருப்பவர்கள் நிழலைக் காப்பாற்றப் பார்ப்பார்கள். சிலைடில் காப்பாற்றவேண்டியது வெளுப்பை. என் முதல் ரோலில் மாமா திண்ணையில் வெள்ளை வேட்டி சட்டையோடு உட்கார்ந்திருந்தார். முகம் நிழலில் இருக்கிறதே என்று முகத்துக்கு அளந்து எடுத்தேன். முகம் அழகாக வந்தது. சுவரில் பாய்ச்சியபோது வேட்டி இருந்த இடத்தில் ஃபிலிமில் ஒன்றுமே இல்லை. எங்கள் வீட்டுச் சுண்ணாம்புச் சுவரின் விரிசல் அவர் மடிமேல் தெரிந்தது. அன்றிலிருந்து படத்தில் எது மிக வெள்ளையோ அதைத்தான் முதலில் அளக்கிறேன். அதில் மடிப்பு தெரியவேண்டும். மற்றது பிறகு.

சிலைடு இயல்பிலேயே அழுத்தமானது. நல்ல சிலைடின் ஆழ்ந்த கறுப்பு, விழும் வெளிச்சத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கைக்கூட விடாது. பளபளப்பான அச்சுக் காகிதத்தின் கறுப்பு அதைவிடப் பல மடங்கு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பிவிடும். இருட்டறையில் அந்த வித்தியாசத்தைப் பார்த்தவர் மறக்கமாட்டார். அதற்குக் கொடுக்கிற விலை, உச்சி வெயில் இதற்கு ஆகாது. வெள்ளையும் கறுப்பும் மட்டும் மிஞ்சி நடுவில் இருப்பதெல்லாம் போய்விடும். ஐப்பசி கார்த்திகை மழை மூட்டம், விடிந்து அரைமணி, தெற்குப் பார்த்த வீட்டின் வடக்கு ஜன்னல், இவைதான் இதன் வேளையும் இடமும். வானத்தைக் கறுக்கவைக்க நினைத்தால் எடுக்கும்போதே மஞ்சளோ ஆரஞ்சோ ஃபில்டர் போட்டாகவேண்டும். பிறகு இருட்டறையில் கையை வைத்து மறைத்து, வானத்துக்கு மட்டும் கூடுதல் வெளிச்சம் கொடுக்கிற வேலையெல்லாம் இங்கே இல்லை.

கழுவும் வேலையை ஒரு தடவையாவது கண்ணால் பார்க்கவேண்டும். ரசாயனம் எல்லாம் 20 டிகிரியில் இருக்கவேண்டும். மே மாதம் பைப்பைத் திறந்தால் வெந்நீர் வருகிற ஊரில் வாளியில் ஐஸ் கட்டியைப் போட்டுத்தான் தொடங்கமுடியும். முதல் டெவலப்பர் வீரியமானது, அதில் துளி ஹைப்போவோ தயோசயனேட்டோ சேர்த்திருக்கும். எவ்வளவு வெளிச்சம் பட்டாலும் கொஞ்சம் உப்பு கறுக்காமல் தங்கும். அதைக் கரைத்து எடுக்காவிட்டால் கடைசியில் வெள்ளையின் மேல் புகைபோலப் படியும், அதற்காக. படத்தின் தலையெழுத்து இந்தப் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் முடிவாகிவிடும். நேரம் கூடினால் சிலைடு வெளிறும், குறைந்தால் இருளும். நெகட்டிவுக்கு நேர்மாறு.

பிறகு பிளீச். பொட்டாசியம் டைகுரோமேட்டும் கந்தக அமிலமும் சேர்ந்ததுதான் பழைய முறை. ஜெலட்டினை அது மென்மையாக்காது. ஆனால் புற்றுநோய் உண்டாக்கும் விஷம், சாக்கடையில் ஊற்றக்கூடாது. அதனால் வீட்டில் நான் பெர்மாங்கனேட்டைத்தான் எடுக்கிறேன். அமிலத்தைத் தண்ணீரில் ஊற்றவேண்டும், தண்ணீரை ஒருபோதும் அமிலத்தில் ஊற்றக்கூடாது. கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் பாட்டிலைத் திறக்கவே கூடாது. சென்னைத் தண்ணீரின் உப்பு இங்கே பெரிய எதிரி. குளோரைடு இருந்தால், கறுத்த வெள்ளி கரைந்து போகாமல் மறுபடி உப்பாகிப் படத்திலேயே தங்கிவிடும், வெள்ளை மூடிக்கொள்ளும். பேட்டரிக் கடையில் விற்கிற டிஸ்டில்டு வாட்டர்தான் இதற்குச் சரி. சூடும் எதிரி. ஒரு கோடையில் ஐஸ் தீர்ந்துபோன பிறகும் இன்னொரு ரோலை அவசரமாகப் போட்டேன். ஊறித் தளர்ந்த எமல்ஷன், பாலின் ஆடைபோல ஃபிலிமை விட்டு நழுவி வாளியில் மிதந்தது. அதில் திரும்ப எடுக்கமுடியாத ஒரு கல்யாண வீடு இருந்தது.

பிளீச் முடிந்து, பழுப்புக் கறை போக மெட்டாபைசல்ஃபைட் கரைசலில் அலசியபின் விளக்கைப் போடலாம். இந்த இடத்தில்தான் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டுவேன். சுருளில் இருக்கும் ஃபிலிம் தயிர் நிறத்தில் இருக்கும். நெகட்டிவ் மறைந்துவிட்டது. உற்றுப்பார்த்தால் வெளிறிய தயிருக்குள் இன்னும் வெளிறிய ஓர் ஆள். வெளிச்சம் தொடாத வெள்ளி உப்பு மட்டும் மிச்சம் நிற்கிறது, அதற்குக் கறுக்கத் தெரியும், இன்னும் கறுக்கவில்லை. பல்புக்குக் கீழே ஈரத்தோடு இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பி ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் காட்டுகிறேன். கேப்ஸ்டாஃப் அளந்து காட்டிய அந்த இரண்டாவது வெளிச்சம் இது. நான் அளக்காமல் முழுதாகக் கொடுக்கிறேன். பிறகு இரண்டாவது டெவலப்பரில் விட்டால் பத்து எண்ணுவதற்குள் தலைமுடி கறுக்கும், புருவம் கறுக்கும், புடவைக் கரை கறுக்கும். விளக்கு வெளிச்சத்தில், கண்ணுக்கு முன்னால், சரியான பக்கமாகக் கறுக்கும். கடைசியாக ஃபிக்ஸரில் காட்டி, நன்றாக அலசிக் கொடியில் கிளிப் போட்டு மாட்டவேண்டியதுதான்.

போன கார்த்திகையில் அத்தை ஊரிலிருந்து வந்திருந்தார். அதற்கு முன் தீபாவளிக்குப் போனபோது, தூறல் விட்டிருந்த ஒரு காலையில், கிணற்றடியில் வாளியை இறக்கிவைத்துவிட்டு நிமிர்ந்தவரை ஒரு படம் எடுத்திருந்தேன். ராத்திரி விளக்கையெல்லாம் அணைத்து சுவரில் பாய்ச்சினேன். பல்பின் சூட்டில் ஃபிலிம் ஒரு நொடி உப்பி மங்கியது, ஃபோகஸை லேசாகத் திருப்பினேன். அத்தை சுவரளவு நின்றார். நனைந்த புடவைத் தலைப்பு, துலாக் கம்பத்தின் நரம்பு, வாளி விளிம்பில் தொங்கிய சொட்டு எல்லாம் இருந்தன. அறையில் யாரும் பேசவில்லை.

“நல்லா விழுந்திருக்கேடா. இதுல இன்னொண்ணு போட்டுக் குடு, ஊருக்கு எடுத்துட்டுப் போறேன்” என்றார்.

“இதுக்கு இன்னொண்ணு கிடையாது அத்தை. நீங்க நின்னப்போ கேமராக்குள்ள இருந்ததே இதுதான்.”

கொஞ்ச நேரம் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். “அப்ப இதையே குடேன்.”

புரொஜெக்டரிலிருந்து உருவி, சூடு ஆறட்டும் என்று ஊதிக் கொடுத்தேன். பிளாஸ்டிக் சட்டத்தை ஓரமாகப் பிடித்து வாங்கிக்கொண்டார். மறுநாள் காலையில் காபிகூடக் குடிக்காமல் ஜன்னலருகே நின்று, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கைக்குட்டையில் மடித்து, சுருக்குப்பைக்குள் வெற்றிலைக்கும் பஸ் காசுக்கும் பக்கத்தில் வைத்து, கயிற்றை இழுத்து முடிந்தார்.